நீலமூடிப் புட்டி

அத்தியாயம் பதினேழு

தொட்டிக்குள் சத்தமே இல்லை.

பிரித்தா போர்த்தியிருந்த பழைய கம்பளங்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். மரமூடியில் காதை வைத்துக் கேட்டாள். நேற்று மாலை ஈஸ்ட் போட்ட பீர் இந்நேரம் தகரக்கூரையில் மழை விழுகிற மாதிரி சடசடத்திருக்க வேண்டும். நுரை எழும்பி மூடியை முட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். மூடியைத் தூக்கிப் பார்த்தால், கரும்பழுப்பில் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது பார்லிச் சாறு.

அதில் அவள் முகம் தெரிந்தது. பார்க்கச் சகிக்காமல் மூடியைப் போட்டாள்.

இன்று செவ்வாய். சனிக்கிழமை தூரிக்குக் கல்யாணம்.

ஒரே மகள் தூரி, "அம்மா, நம்ம வீட்டுப் பீர் ஒரு கிண்ணம் குடிச்சாலே என் சிநேகிதிங்க மேசைக்கு அடியில கெடப்பாளுங்க" என்று சொல்லி, உல்விக்கில் பழத்தோட்டம் வைத்திருக்கும் அத்தை சிக்னேயிடம் செர்ரி போட்ட லேசான பீர் கேட்டது வாசகர்களுக்குத் தெரியும். "என் கல்யாணப் பரிசே அதுதான்டி" என்று சிக்னே குதித்ததும் தெரியும். அந்தப் பரிசுக்குத் தன் பிறந்த வீட்டு ஈஸ்ட்தான் வேண்டும் என்று அண்ணி பிரித்தாவிடம் வந்து கேட்டு நின்றதையும் பார்த்தோம்.

ஈஸ்ட் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற பழக்கம் வோஸ் ஊர்ப்பக்க வீடுகளில் கிடையாது. பகையாளியே கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். நாளைக்கு நம் ஈஸ்ட் செத்துப்போனால் அவன் வாசலில்தானே போய் நிற்க வேண்டும்?

பிரித்தாவும் கொடுத்தாள். எதைக் கொடுத்தாள் என்பதுதான் விஷயம்.

ஃப்ரீஸரில் இரண்டு புட்டிகள் இருந்தன. நீலமூடிப் புட்டியில் போன கிறிஸ்துமஸ் பீரிலிருந்து எடுத்துக் காயவைத்த ஈஸ்ட், நொறுங்கின அப்பளம் மாதிரி சில்லுச் சில்லாக. சிவப்புமூடிப் புட்டியில் அதற்கு முந்தையது. அதைத் தாளில் பரப்பிக் காய்வதற்காக ஓவனுக்குள் வைத்துவிட்டு, மறந்துபோய், ரொட்டி சுட ஓவனை மூட்டிவிட்டாள் பிரித்தா. ஈஸ்ட் வளர்க்கிற வீடுகளில் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற, யாரும் வெளியே சொல்லாத தப்பு அது. கருகிப்போனதைக் கொட்ட மனசு வராமல் வைத்திருந்தாள்.

நாத்தனாருக்குச் சிவப்புமூடியிலிருந்து அள்ளி, காகிதத்தில் மடித்து, மேலே "சிக்னேக்கு" என்று தன் கையாலேயே எழுதித் தூரியிடம் கொடுத்தனுப்பினாள்.

ஏன் செய்தாள் என்று கேட்டால் வயிற்றெரிச்சல்தான், வேறென்ன. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து ஈஸ்ட்டைச் சாகவிடாமல் காப்பாற்றியது பிரித்தா. செத்துப்போன மாமியார் கடைசிவரை சொன்னதோ, "என் சிக்னே கை பட்டா பச்சத் தண்ணியும் நுரைக்கும்" என்று. மாமியார் போய்ச் சேர்ந்தார். அந்த வார்த்தை போகவில்லை. இப்போது பெற்ற மகளும் வசந்தம் பிறந்ததிலிருந்து சனி ஞாயிறானால் அத்தை வீட்டுக்கு ஓடிவிடுகிறாள்.

இதில் ஒன்று மட்டும் பிரித்தாவுக்கு மிச்சம் இருந்தது. இந்த வீட்டில் மணப்பெண் மேசையில் உட்கார்ந்ததும் குடிக்கிற முதல் கிண்ணம் அம்மா காய்ச்சிய பீர். அப்புறம்தான் செர்ரியோ, சீமைச் சரக்கோ.

அந்த முதல் கிண்ணம்தான் தொட்டியில் செத்துக் கிடந்தது.

"என்ன, இன்னும் எழும்பலையா?"

ஸ்வைனுங் காப்பிக் குவளையோடு வந்து நின்றான். பீர் கொட்டகைக்கு வந்தால் கணவனுக்கு வேலை இருக்காது, வாய் மட்டும் இருக்கும்.

"பாத்தா தெரியலையா?"

"நான் நேத்தே சொன்னேன். உன் கத்தல் பத்தல."

ஈஸ்ட் போடும்போது கத்த வேண்டும். எவ்வளவு சத்தமாகக் கத்துகிறோமோ அவ்வளவு வேகம் பீருக்கு. நம்புகிறவர்களும் கத்துவார்கள், நம்பாதவர்களும் கத்துவார்கள்.

"பூனைக்குட்டி வாலை மிதிச்ச மாதிரி ஒரு 'ஈ'ன்னு கத்தினே. அதைக் கேட்டு ஈஸ்ட் எழுந்திருக்குமா? தாலாட்டுன்னு நெனச்சுத் தூங்கிடுச்சு."

"உன் வாய மூடு, ஸ்வைனுங். எனக்கு இருக்கற ஆத்திரத்துல உன்னையே தூக்கித் தொட்டில போட்டுடுவேன்."

"போடு. நானாவது நுரைக்கறேனா பாப்போம்."

பிரித்தாவுக்கு நேற்று மாலை நினைவுக்கு வந்தது. நீலமூடிப் புட்டியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து போன் சிணுங்கியது. தூரி வீடியோ அனுப்பியிருந்தாள். உல்விக்கில் அத்தையும் மருமகளும் தொட்டி முன்னால் நின்று கைகோத்துக்கொண்டு கத்துகிறார்கள். தூரி போட்ட கூச்சலில் எங்கோ நாய் குரைத்தது. அத்தை விழுந்து விழுந்து சிரிக்கிறாள். பன்னிரண்டு வயசுக்கு அப்புறம் அம்மாவோடு ஒரு தடவை வந்து கத்தியிருப்பாளா இந்தப் பெண்?

'கத்துங்கடி, கத்துங்க. தொண்டை கிழியக் கத்துங்க. கருகின ஈஸ்ட் எப்படி எழும்புதுன்னு பாக்கறேன்' என்று நினைத்தபடியே, கண்ணைப் போனில் வைத்துக்கொண்டு, கை போன போக்கில் புட்டியைத் தொட்டியில் கவிழ்த்தாள் பிரித்தா. எப்போதும் ஒரு சில்லை எடுத்து மோந்து பார்த்துவிட்டுத்தான் போடுவாள். நேற்று மோந்து பார்க்கவில்லை. அப்புறம் கடனே என்று ஒரு கத்தல்.

"கீழ்வீட்டு குரோகிட்ட ஈஸ்ட் கேட்டா என்ன?" என்றான் ஸ்வைனுங்.

"கேக்கலாம். மத்தியானத்துக்குள்ள வோஸ் முழுக்கத் தெரிஞ்சுடும், பிரித்தா வீட்டு ஈஸ்ட் செத்துப்போச்சுன்னு."

"அப்ப சிக்னே? அவகிட்ட இருக்கறதும் நம்மதுதானே?"

பிரித்தா பதில் சொல்வதற்குள் போன் மறுபடி சிணுங்கியது. தூரிதான். இந்த முறை படம். உல்விக் தொட்டியில் மூடியைத் தள்ளிக்கொண்டு நுரை வழிந்து தரையெல்லாம் ஓடியிருந்தது. கீழே எழுதியிருந்தாள்: 'ராட்சசன்மா! ராத்திரியெல்லாம் அத்தை தூங்கவே இல்ல!'

பிரித்தா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். செத்த ஈஸ்ட் எப்படிப் பொங்கும்?

அப்புறம் புரிந்தது. கடை ஈஸ்ட்! கள்ளி, கடையில் பாக்கெட் வாங்கிப் போட்டுவிட்டு, பிறந்த வீட்டு ஈஸ்ட் என்று ஊரெல்லாம் பெருமை அடிக்கப்போகிறாள். வீட்டு ஈஸ்ட்டில் ஆரஞ்சுத் தோல் வாசனை வரும். கடை ஈஸ்ட்டில் எங்கிருந்து வரும்? ஒரு வாய் குடித்தால் தெரிந்துவிடும்.

"கார் சாவி எங்க?" என்றாள்.

"அட, சிக்னேகிட்டதான் போறியா? நல்லது. கோவிச்சுக்காம கேளு."

கேட்கத்தான் போகிறாள், வேறு வழியில்லை. ஆனால் கையும் களவுமாகப் பிடித்துவிட்டுக் கேட்கப் போகிறாள். அந்த நினைப்பில், சுரங்கப்பாதையைத் தாண்டி உல்விக் இறக்கத்தில் இறங்கும்போது மனசு ஏறக்குறைய சந்தோஷமாகவே இருந்தது.

சிக்னேயின் கொட்டகை வாசலுக்கு வருவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது.

ஆரஞ்சுத் தோல். சந்தேகமே இல்லை. அவள் வீட்டு வாசனை. பிரித்தா அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா!"

தூரி வெளியே எட்டிப் பார்த்தாள். கை இரண்டும் முழங்கைவரை சிவப்பு. சிக்னேயின் பழைய ஏப்ரனைக் கட்டியிருந்தாள். அம்மா வீட்டில் ஒரு நாளும் ஏப்ரன் கட்டமாட்டாள், துணி கெட்டால் கெடட்டும் என்பாள். அந்த ஏப்ரனைப் பார்த்ததும் பிரித்தாவுக்கு நெஞ்சுக்குள் முள் தைத்தது.

"வாங்க அண்ணி, வாங்க! சரியான நேரத்துக்கு வந்தீங்க," என்று உள்ளேயிருந்து சிக்னே கூவினாள். "இப்பதான் பழம் போடறோம்."

போன கோடையில் பறித்து உறையவைத்த செர்ரிகளைக் கொட்டை நீக்கி, மெல்லிய துணிப்பைகளில் கட்டி வைத்திருந்தார்கள். முதல் நுரை அடங்கி இறங்கிய பிறகுதான் பழம் போடவேண்டும். முன்னாலேயே போட்டால் வாசனையெல்லாம் நுரையோடு போய்விடும். சிக்னே பையைத் தொட்டிக்குள் மெதுவாக, குழந்தையைக் குளிப்பாட்ட இறக்குகிற மாதிரி இறக்கினாள். வைக்கோல் நிறச் சாற்றில் சிவப்பு இழை இழையாகப் பரவியது.

"ஜூனிப்பர் தழை கொஞ்சமாத்தான் போட்டேன் அண்ணி. நீங்க பாத்தா திட்டுவீங்க. பொண்ணு லேசா வேணும்னு கேட்டாளே." அகப்பையில் மொண்டு நீட்டினாள். "குடிச்சுப் பாருங்க. இன்னும் ஆகல. ஆனா ஈஸ்ட் பேசுது. உங்க ஈஸ்ட்!"

பிரித்தா குடித்தாள்.

நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. நாக்கில் பஞ்சு மாதிரி லேசாக உட்கார்ந்து, ஆரஞ்சு வாசனையை மூக்குக்கு அனுப்பிவிட்டு, பின்னாலேயே செர்ரியின் புளிப்பு வந்தது. துப்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. விழுங்கினாள்.

"எப்படி?"

"இருக்கு," என்றாள் பிரித்தா.

"அம்மா 'இருக்கு'ன்னு சொன்னா பிரமாதம்னு அர்த்தம் அத்தை," என்றாள் தூரி. சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிக்னே," பிரித்தா தொண்டையைச் செருமினாள். வாசலிலிருந்து தொட்டிவரை வந்த தைரியம் எங்கே போனதோ. "எனக்குக் கொஞ்சம் ஈஸ்ட் வேணும்."

சிக்னேயின் புருவம் ஏறியது. என்ன, ஏன் என்று கேட்கவில்லை. "அதுக்கென்ன அண்ணி. நல்ல புட்டியா ஒண்ணு கழுவி எடுத்துட்டு வரேன். உக்காருங்க," என்று வீட்டுப்பக்கம் போனாள்.

அவள் தலை மறைந்ததும் தூரி கேட்டாள்: "எழும்பலையா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

தூரி கையைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நீ கட்டிக் குடுத்த பொட்டலம் கார்ல வரும்போதே நாத்தம் அடிச்சுது. வழியில நிறுத்திப் பிரிச்சுப் பாத்தேன். எல்லாம் கருகினது. தப்பா எடுத்துட்டே போலன்னு திரும்பி வீட்டுக்கு வந்தேன். நீ மாட்டுக் கொட்டாய்ல இருந்தே. நீலமூடில இருந்த நல்லதைப் பூரா எடுத்துப் பொட்டலத்துல போட்டுக்கிட்டேன். கருகினதை நீலமூடில போட்டேன்."

பிரித்தா கவிழ்த்துவைத்த கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. பாவிப்பொண்ணே, உன் கல்யாணப் பீர்டி அது!"

"சொல்லணும்னுதான் கொட்டாய் வரைக்கும் வந்தேன். அப்பதான் ஞாபகம் வந்துச்சு, ரெண்டு மூடியும் வேற வேற கலர்னு. நீயா தப்பா எடுப்பே? கண்ணக் கட்டிவிட்டாக்கூட எடுக்கமாட்டியே. அப்படியே திரும்பிப் போய் மாத்தி வெச்சேன்." தூரியின் குரல் இறங்கிவிட்டது. "எப்பவும் மோந்து பாத்துட்டுத்தானே போடுவே. மோந்ததும் தெரிஞ்சுடும், 'தூரிக்குத் தெரிஞ்சுபோச்சு'ன்னு. எனக்குப் போன் பண்ணி ரெண்டு திட்டு திட்டுவே, அழுவே, அதோட முடிஞ்சுடும்னு நெனச்சேன். நேத்து ராத்திரி பூரா போனப் பாத்துக்கிட்டே இருந்தேன்மா."

"நீ வீடியோ அனுப்பினியே... அதைப் பாத்துக்கிட்டே போட்டுட்டேன்."

இதைச் சொன்ன பிறகுதான் தான் ஒப்புக்கொண்டுவிட்டது பிரித்தாவுக்கு உறைத்தது.

"அத்தைகிட்ட நான் எதுவும் சொல்லல," என்றாள் தூரி. "நீ சொல்லு. ஒரு வார்த்த போதும். அத்தை சிரிச்சுட்டுப் போயிடும், உனக்குத் தெரியாதா?"

சிரித்துவிடுவாள். அதுதான் பிரித்தாவுக்குத் தாங்காது. கோபப்பட்டாலாவது பரவாயில்லை. சிக்னே பெருந்தன்மையாகச் சிரித்து, தோளில் கை போட்டு, 'விடுங்க அண்ணி' என்பாள். அந்தக் கையை வாழ்நாளெல்லாம் தோளில் சுமக்க வேண்டும்.

சிக்னே புட்டியோடு வந்தாள். நுரையை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து ஈஸ்ட்டை அள்ளி அள்ளி விட்டாள். கஞ்சத்தனமே இல்லாமல் புட்டி நிறைய. பார்க்கப் பார்க்க எரிந்தது.

"என்ன ஆச்சு அண்ணி? உங்க கையில ஈஸ்ட் சாகறதாவது?"

தூரி அம்மாவைப் பார்த்தாள். கையில் துணி அப்படியே நின்றது.

"உங்க அண்ணன்தான்," என்றாள் பிரித்தா. "ஃப்ரீஸரைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டான். ராத்திரி பூரா திறந்தே கெடந்துச்சு."

காய்ந்த ஈஸ்ட் ஃப்ரீஸர் திறந்து கிடந்ததற்கெல்லாம் சாகாது. அந்த வட்டாரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அது தெரியும். சிக்னேக்குத் தெரியாதா?

"ஓ," என்றாள் சிக்னே. "அண்ணன் சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்." புட்டியை இறுக மூடி, ஒரு துணிப்பையில் வைத்து, இன்னும் எதையோ பைக்குள் செருகி நீட்டினாள்.

தூரி துணியைக் கீழே வைத்தாள்.

"அத்தை," என்றாள். "சனிக்கிழமை நான் மேசைல உக்காந்ததும் மொதல் கிண்ணம் உன்னோடதைத்தான் குடிக்கப்போறேன்."

"ஐயோ, என்ன பேச்சு இது! அது அம்மாவோடதுடி. நம்ம வீட்டு வழக்கம்..."

"வழக்கம்லாம் எனக்கும் தெரியும் அத்தை. யார் ஈஸ்ட் கேட்டாலும் நல்லதாக் குடுக்கணும்ங்கறதும் வழக்கம்தான்."

பிரித்தா பையை வாங்கிக்கொண்டு காரைப் பார்த்து நடந்தாள். "காப்பி குடிச்சுட்டுப் போங்க அண்ணி" என்று பின்னாலிருந்து சிக்னே கூப்பிட்டது கேட்டது. தூரி கூப்பிடவில்லை.

திரும்பி வருகிற வழி முழுக்க அவளுக்குச் சிக்னே மேல்தான் கோபம். தப்புச் செய்தது தான் என்று தெரிந்தும் கோபம். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். மாமியாரின் பாராட்டை எடுத்தாள். மகளை எடுத்தாள். இப்போது முதல் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவள் மாதிரி காப்பிக்குக் கூப்பிடுகிறாள். 'கெடுவான் கேடு நினைப்பான்' என்று ஒரு குரல் உள்ளே சொல்லத்தான் செய்தது. ரேடியோவைப் போட்டு அதை அடக்கினாள்.

கொட்டகையில் ஸ்வைனுங் நல்ல காரியம் ஒன்று செய்திருந்தான். சாற்றைச் செம்பு அண்டாவில் ஊற்றி மறுபடி கொதிக்கவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, தொட்டியில் நிரப்பி வைத்திருந்தான். பையை அவனிடம் கொடுத்துவிட்டுப் புட்டியை மட்டும் எடுத்துக்கொண்டாள் பிரித்தா. இந்த முறை மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். ஆரஞ்சும் அதற்கு மேல் லேசாகச் செர்ரியும். தன் பீரிலும் இனி சிக்னேயின் பழவாசனை கொஞ்சம் இருக்கத்தான் போகிறது.

ஊற்றினாள்.

கத்த வாயைத் திறந்தாள். காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் அந்த வழியாக வந்தது. கொட்டகைக் கூரையில் உட்கார்ந்திருந்த காக்கைகள் பறந்தன. மேட்டில் மேய்ந்த ஆடுகள் தலையைத் தூக்கின. கீழ்வீட்டில் குரோ ஜன்னலைத் திறந்து பார்த்தாள். நிறுத்த முடியாமல், மூச்சு முடியும்வரை கத்திவிட்டு, தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள் பிரித்தா.

"அப்படிப் போடு!" என்று கை தட்டினான் ஸ்வைனுங். "இதுதான் கத்தல்! இதுக்குப் பொங்கலன்னா நான் ஏன்னு கேக்கறேன்."

அவள் கண்ணைத் துடைத்தாள். அவன் பார்த்துவிட்டான். கம்பளங்களை எடுத்துத் தொட்டிக்குப் போர்த்தினான். அப்புறம் பையை உதறினான்.

"இதென்ன, உள்ள ஒரு காகிதம் இருக்கு?"

நான்காக மடித்த காகிதம். பிரித்தான். மேலே பிரித்தாவின் கையெழுத்தில் "சிக்னேக்கு" என்று இருந்தது. மடிப்புகளில் கரும்பழுப்பாகத் தூள் ஒட்டியிருந்தது.

தூரி உள்ளே இருந்ததை மாற்றினாளே தவிர, காகிதத்தை மாற்றவில்லை. ஆக, பொட்டலத்தைப் பிரித்த அன்றைக்கே சிக்னேக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் புட்டி நிறைய அள்ளிக் கொடுத்தாள். தெரிந்துகொண்டேதான் அண்ணன் மேல் போட்ட பழியைக் கேட்டு 'ஓ' என்றாள்.

ஸ்வைனுங் தூளை விரலில் தொட்டு மோந்து பார்த்தான். வாய் ஓயாத மனிதன், ஆனால் இந்த வீட்டில் பிறந்தவன். மூக்கு தப்பாது.

"கருகின வாடை அடிக்குது. இது நம்ம சிவப்புமூடிச் சரக்காச்சே?" அவன் முகத்தில் காலையிலிருந்த கேலி இல்லை. "பிரித்தா, இது எப்படி என் தங்கச்சி வீட்டுக்குப் போச்சு?"

இந்த முறை பழிபோட ஸ்வைனுங் கிடைக்கவில்லை. கேட்கிறவனே அவன்தான்.

அவள் முதுகுக்குப் பின்னால், கம்பளங்களுக்கு அடியில், மெல்லச் சடசடவென்று தொடங்கியிருந்தது பீர்.